வேறு நாட்டு மின்வழங்கலில் கணினியை இயக்குதல்

இலங்கையில் பயன்படுத்திய கணினியைக் கனடாவுக்குக் கொண்டு சென்றால் அங்கு இயங்குமா? கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கணினியை இங்கு அப்படியே செருகலாமா? இவற்றுக்கு விடை காண மின்வழங்கலின் மூன்று இயல்புகளை ஒப்பிட வேண்டும்.

1. வோல்ற்றளவு: இலங்கையில் 230 வோல்ற்று, கனடாவில் 120 வோல்ற்று, ஜப்பானில் 100 வோல்ற்று.
2. மீடிறன்: இலங்கையில் 50 ஹேட்ஸ், கனடாவில் 60 ஹேட்ஸ். ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60.
3. செருகியின் வடிவம்: கனடாவிலும் ஜப்பானிலும் தட்டையான ஊசிகள் பயன்படுகின்றன.

கணினியின் உட்பகுதிகள் நேரோட்டத்திலேயே இயங்குகின்றன. வலு வழங்கி, ஆடலோட்டத்தைச் சீராக்கி 12, 5, 3.3 வோல்ற்று ஆகிய தாழ் வோல்ற்றளவுகளைத் தருகின்றது. ஆகவே மீடிறன் வேறுபாடு கணினியைப் பெரிதும் பாதிப்பதில்லை, வோல்ற்றளவே முக்கியமானது.

மடிக்கணினி: மின்னேற்றியின் சிட்டையில் 'இன்புட்' என்பதற்கு எதிரே 100–240 வோல்ற்று, 50–60 ஹேட்ஸ் எனக் காணப்படின் செருகி மாற்றி மட்டும் போதுமானது.

மேசைக்கணினி: பழைய வலு வழங்கிகள் பலவற்றின் பின்புறத்தில் 115, 230 எனக் குறிக்கப்பட்ட சிறிய ஆளி உண்டு. கனடாவில் 115 இலும் இலங்கையில் 230 இலும் அது இருத்தல் வேண்டும். 115 இல் வைத்து இங்கு செருகினால், உள்ளேயுள்ள கொள்ளளவிகள் தாங்க வேண்டியதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வோல்ற்றளவைப் பெற்று வெடிக்கலாம். 230 இல் வைத்துக் கனடாவில் செருகினால் கணினி பெரும்பாலும் இயங்காது. செருகியைக் கழற்றிய பின்னரே ஆளியை மாற்றுக.

ஆளியும் இல்லாது, சிட்டையில் ஒரு வோல்ற்றளவு மட்டும் இருப்பின் நிலைமாற்றி தேவை. அதன் வலு, கணினியின் வலுவிலும் கூடியதாக இருத்தல் வேண்டும்.

கணித்தல்: 240 வாற்று வலுவைப் பெறும் கணினி,
230 வோல்ற்றில் எடுக்கும் மின்னோட்டம் = 240 ÷ 230 = ஏறத்தாழ 1.04 அம்பியர்
120 வோல்ற்றில் எடுக்கும் மின்னோட்டம் = 240 ÷ 120 = 2 அம்பியர்
வோல்ற்றளவு குறையும்போது மின்னோட்டம் கூடுவதைக் கவனிக்க. எனவே வடம் அதற்கேற்ற தடிப்புடையதாதல் வேண்டும்.

நினைவிற்கொள்க: செருகி மாற்றி வடிவத்தை மட்டுமே மாற்றும்; வோல்ற்றளவை மாற்றாது. மாணவர் பலர் இதனை நிலைமாற்றியுடன் குழப்பிப் புள்ளிகளை இழக்கின்றனர். வீட்டில் இவ்வாறு குழப்பினால் இழப்பது கணினியையே.

பயிற்சி: 100 வோல்ற்றில் மட்டும் இயங்கும் ஜப்பானிய உபகரணமொன்றை இலங்கையில் இயக்கத் தேவையான நிலைமாற்றி எவ்வகையது? அதன் முதற்சுருள், துணைச்சுருள் முறுக்குகளின் விகிதம் யாது?
விடை: படிகுறை நிலைமாற்றி; 230 : 100 = 23 : 10.