கணினி போட்ட கதவடைப்பு

ஒரகடம் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன். நாலு சி.என்.சி. மெஷின், பத்துப் பன்னிரண்டு பேர். "உங்க தொழில்ல ரொம்ப விலை உயர்ந்தது எது சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன். யோசிக்காமல் மெஷினைக் காட்டினார். "அது எரிஞ்சா இன்ஷூரன்ஸ் வரும். அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற டிராயிங், புரோகிராம் எல்லாம் போச்சுன்னா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பேக்கப் இருக்குங்க" என்று ஒரு ஹார்டு டிஸ்க்கைக் காட்டினார். அது அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது.

அது ஏன் பேக்கப் ஆகாது என்று சொல்ல, 2017-க்குப் போகணும்.

அந்த ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளையும், அதில் செருகியிருக்கும் டிஸ்க்கில் இருப்பதையும் சேர்த்தே பூட்டிவிடும். திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்கும். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில் இருந்த ஓட்டை வழியே, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவும். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரான்ஸில் ரெனோ ஆலைகள், இங்கிலாந்தில் நிஸானின் சண்டர்லேண்ட் ஆலை, இங்கே நம்ம ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கூட்டு ஆலை என்று கார் தொழிற்சாலைகளும் தப்பவில்லை.

இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட ரெண்டு மாதம் அவகாசம் இருந்தது. அப்புறம் ஏன் போடவில்லை? சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் இல்லை. மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டால் மெஷினின் சாஃப்ட்வேர் நின்றுபோகலாம். லைனை நிறுத்தினால் நஷ்டம். அதனால் 'ஓடுறதைத் தொடாதே' என்பது தொழிற்சாலைகளில் எழுதாத சட்டம்.

தொட முடியாதென்றால், தள்ளியாவது வைக்கணும். பச்சைக்குழந்தை இருக்கிற அறைக்குள் வெளியே போய் வந்த ஆளைச் சட்டென்று விடமாட்டோம் இல்லையா, அது மாதிரி. மெஷின் கம்ப்யூட்டர்கள் தனி நெட்வொர்க்கில் இருக்கணும். மின்னஞ்சல் பார்க்கிற ஆஃபீஸ் கம்ப்யூட்டரோடும், வருகிறவர் போகிறவருக்குக் கொடுக்கும் வைஃபையோடும் அவை கலக்கக் கூடாது. புது மெஷினோ, சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப்போ, பென் டிரைவோ, சோதிக்காமல் உள்ளே வரக் கூடாது. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகள் முடங்கியது அப்படித்தான்: புது மெஷின் ஒன்றைச் சோதிக்காமல் இணைத்தார்கள். வந்தது வான்னாக்ரையின் இன்னொரு வடிவம்.

"பெரிய கம்பெனிக்குத்தானே இதெல்லாம்? நம்மளை யாரு தேடி வரப்போறா?" என்றார் முதலாளி.

இதற்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா அந்த நாட்டிலுள்ள தன் 14 ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. டொயோட்டாவை யாரும் தாக்கவில்லை. பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா என்ற நிறுவனத்தின் கணினிகள் முடங்கின. அங்கேயும் தாக்கியவர்கள் நுழைந்த வழி அதன் துணை நிறுவனம் ஒன்றின் தொலைதொடர்புக் கருவி. சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி போச்சு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரமும் இப்படித்தான் இயங்குகிறது. தேவைப்படும் நேரத்துக்குப் பாகம் வந்து சேரணும், இருப்பு குறைவு. சின்னப் பட்டறை நின்றால் பெரிய லைனும் நிற்கும். அடுத்த ஆர்டர் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மூன்று நகல் வேணும்; இரண்டு வகைச் சாதனத்தில் இருக்கணும்; ஒன்று வேறு இடத்தில் இருக்கணும். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடணும். பணம் கட்டினால் கோப்பு திரும்பும் என்று நம்ப வேண்டாம். வான்னாக்ரையில் யார் பணம் கட்டினார்கள் என்று பிரித்தறியவே சரியான ஏற்பாடு கிடையாது. இப்போது வருகிறவர்கள் பூட்டுவதற்கு முன்பே டிராயிங்கைத் திருடிக்கொண்டு, 'வெளியிட்டுவிடுவோம்' என்று மிரட்டுகிறார்கள். அதற்கு பேக்கப் உதவாது. அதனால் யாருக்கு எந்த டிராயிங் தேவையோ, அதை மட்டும் திறக்க விடுங்கள். ஏதாவது நடந்தால் மறைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கணும்.

கிளம்பும்போது, "அந்த டிஸ்க்கிலிருந்து போன வாரத்து டிராயிங் ஒண்ணு திறந்து காட்டுங்களேன்" என்றேன். தேடினார். இல்லை. கடைசியாக நகல் எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

உங்கள் டிஸ்க்கிலும் இன்றைக்கே ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.