ராஜினாமாக் கடிதத்துக்கு முன் எழுத வேண்டிய கடிதம்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லு செய்யும் கிளீன்ரூமுக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. தலைமூடி, முகக்கவசம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் அங்கி, பூட்ஸ், கையுறை என்று ஒவ்வொன்றாக அணிந்துகொண்டுதான் போக வேண்டும். நடுவில் கழிப்பறைக்குப் போனால் எல்லாவற்றையும் கழற்றி, திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து அணிய வேண்டும். அந்த அங்கிக்குள் இருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறுகிறது. முதுகு நனைகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூன்று மாதமாக வராத தீட்டு இன்றைக்குக் கொட்டிவிடுமோ என்ற பயம் வேறு. இரவு சிஃப்ட் முடிய இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அப்போது மனத்தில் எழுவது ஒரே எண்ணம்தான்: போதும், வேலையை விட்டுவிடலாம்.

அந்த எண்ணத்தோடு ராஜினாமாக் கடிதம் எழுத உட்காரும் பெண்களுக்காகவே இந்தக் கட்டுரை. அதற்கு முன் எழுத வேண்டிய கடிதங்கள் வேறு இருக்கின்றன.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. அதன் உற்பத்தி வரிசைகளைப் பெரும்பாலும் இளம்பெண்களின் கைகளே ஓட்டின. 1990களில் பள்ளி முடித்த கையோடு பேக்டரி பஸ் ஏறிய பெண்கள் இன்று நாற்பதுகளின் பிற்பாதியிலோ ஐம்பதை ஒட்டியோ இருக்கிறார்கள். குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்தபின் ஓய்வு வயது 60. ஆகவே உடல் மாறும் இந்த ஆண்டுகள் வேலையின் நடுவில்தான் வந்து விழுகின்றன. பேக்டரிப் பெண்கள் மட்டுமில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டுபவர், மருத்துவமனைத் தாதி, கொம்தார் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை எல்லாருக்கும் இதே கதைதான்.

மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் மெனோபாஸ் என்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது 45க்கும் 55க்கும் இடையில் வருகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பெரிமெனோபாஸ், சிலருக்கு ஏழெட்டு ஆண்டுகூட நீளும். இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் ஏறி, மறுவாரம் சரிந்து அலைகிறது. மூளையில் மனநிலையையும் தூக்கத்தையும் உடல் வெப்பத்தையும் கவனிக்கும் பகுதிகள் அந்த ஹார்மோனைச் சார்ந்திருப்பதால் மூன்றும் ஒன்றாக ஆட்டம் காண்கின்றன. இரவு வியர்வையில் தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், சொல்ல வந்த பெயர் மறக்கும், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். அன்றிரவு "நாளைக்கும் தப்பு செய்துவிடுவேனோ" என்ற கவலையில் தூக்கம் இன்னும் கெடும். அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வு கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொன்னது. முன்பு பதற்றமே அதிகம் இல்லாத பெண்களுக்கும் இந்தக் கட்டத்தில் பதற்றம் கூடும் வாய்ப்பு அதிகம். "நான் இப்படிப்பட்ட ஆளே இல்லையே" என்று பல பெண்கள் சொல்வது முழு உண்மை.

நம் வீடுகளில் இதற்கு வேறு விளக்கங்கள் தயாராக இருக்கும். வயசாயிடுச்சு, திமிர் கூடிப்போச்சு, யாரோ கண்ணு வச்சிட்டாங்க. கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவது மனத்துக்கு ஆறுதல் தரலாம், அதில் தவறில்லை. ஆனால் கயிறு கட்டிய அதே வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் வியர்வையும் வரும். அதிக இரத்தப்போக்கால் இரத்தச்சோகை வந்தாலும் மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மருந்து எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் இதே நடுக்கமும் வியர்வையும்தான். நெஞ்சுவலியோடு வியர்த்தால் ஹார்மோன் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம்.

செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் ஒரு ரிங்கிட், அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து ரிங்கிட். போகும்போது ஒரு சின்ன நோட்டில் நான்கைந்து வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். தீட்டு வந்த தேதி, சூடு ஏறிய நேரம், தூங்கிய மணி, பதற்றம் வந்தபோது என்ன வேலையில் இருந்தீர்கள் என்பவை போதும். "உடம்பு சரியில்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் பாராசிட்டமோலோடு திரும்ப நேரிடும். தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால், காரணம் என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதில் மூத்த பெண்கள். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே பெரும்பாலும் அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர், இரத்தக் கட்டி ஏற்பட்டவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு இது பொதுவாக ஒத்துவராது. ஹார்மோன் வேண்டாதவருக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் பதற்றத்தையும் சூட்டையும் சேர்த்தே தணிக்கும். எண்ணங்களைப் பழக்கிச் சீராக்கும் மனப்பயிற்சி ஆலோசனையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிகளே பரிந்துரைக்கின்றன. வாட்ஸ்அப்பில் விற்கும் "ஹார்மோன் பேலன்ஸ்" பொடிக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அவை இல்லாத பொருளில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இனி வேலைக்கு வருவோம். பதற்றத்தில் எழுதும் ராஜினாமாவின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்குறைப்பு செய்தால் சட்டப்படி கிடைக்கும் பணிநீக்க ஈட்டுத்தொகை, தானாக விலகியவருக்கு இல்லை. 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தில் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலும் சந்தா பிடித்திருப்பார்கள். சொந்த விருப்பத்தில் விலகினால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலிருந்து அந்த உதவியும் வராது. சேமநிதியில் 50 வயதில் ஒரு பகுதியைத்தான் எடுக்கலாம், முழுவதும் எடுக்க 55 ஆக வேண்டும். நாற்பத்தெட்டில் விலகுபவருக்கு நடுவில் இருக்கும் ஆண்டுகள் பெரும்பாலும் வெறும் கையோடுதான் போகும். உடம்பு தேறியபின் அதே சம்பளத்தில் வேலை தேடுவது எவ்வளவு கடினம் என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் பெரிமெனோபாஸுக்கென்று தனி விடுப்பு இல்லை. ஆனால் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தங்களையும் பழைய பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், கைக்கு எட்டும் தூரத்தில் சில பாதுகாப்புகள் இருக்கின்றன.

முதலாவது, எம்சி எனும் மருத்துவச் சான்றிதழ். ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. கம்பெனிக்குப் பேனல் கிளினிக் இருந்தால் அங்கே போவதே சண்டையில்லாத வழி. பலர் இடறி விழுவது வேறொரு இடத்தில். நோய் விடுப்பைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே கணக்கு. எம்சி கையில் இருந்தாலும் பிரச்சினை வரும். படுத்திருக்கும்போதே எம்சியைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 60பி (60P) பிரிவின்படி எந்தத் தொழிலாளியும் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 60க்யூ (60Q) பிரிவின்படி முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கடிதத்தில் நோய் வரலாறு முழுவதையும் கொட்ட வேண்டாம். "மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறேன். இரவு சிஃப்ட் என் உடல்நலத்தைப் பாதிக்கிறது. 60பி பிரிவின்கீழ், வரும் ஆறு மாதத்துக்குக் காலை சிஃப்டுக்கு மாற்றித் தருமாறு விண்ணப்பிக்கிறேன். மருத்துவக் கடிதம் இணைப்பில்" என்று நாலு வரி போதும். தேதி போட்டு, நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மின்விசிறியருகே இடம், வேண்டும்போது கழிப்பறைக்குப் போக அனுமதி, அங்கி மாற்றும் நேரத்தை இடைவேளையிலிருந்து கழிக்காமல் இருப்பது போன்ற சின்னக் கோரிக்கைகளைத் தனிக் கடிதமாகக் கொடுக்கலாம். அதற்குத் துணை நிற்பது தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்ட அந்தச் சட்டப்படி, நடைமுறைக்கு இயன்றவரை தொழிலாளியின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை.

உங்கள் உடல்நலத் தகவல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு பெற்றது. மருத்துவக் கடிதத்தை மனிதவளப் பிரிவு மற்றவர்களிடம் காட்டுவதற்கில்லை.

சிஃப்ட் மாற்ற முதலாளி மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழியை 60க்யூ சொல்லவில்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே மெனோபாஸ் அறிகுறிகள் நீண்டகாலம் கடுமையாக இருந்தால் அவை ஊனமுற்றோர் பாதுகாப்புக்குள் வரலாம் என்று சமத்துவ ஆணையம் 2024 பிப்ரவரியில் வழிகாட்டி வெளியிட்டது. 2018இல் ஸ்காட்லாந்தில் அத்தகைய அறிகுறிகள் இருந்த ஒரு நீதிமன்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்தது தவறு என்று தீர்ப்பாயம் சொல்லி, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது. நம் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது இத்தகைய பாதுகாப்பைக் கேட்டு வாங்க வேண்டும். சங்கத் தலைமையில் ஆண்களே இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

மறுப்போடு நிற்காமல் நிர்வாகம் உங்களை ஒதுக்கினால், வயதையும் உடம்பையும் காட்டி இழிவாக நடத்தினால், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வேலையிடப் பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை 69எஃப் பிரிவு அதன் தலைமை இயக்குநருக்குக் கொடுத்திருக்கிறது. அவர் உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். வேலையிலிருந்து நீக்கினால், அல்லது "நீயே எழுதிக் கொடு, இல்லாவிட்டால் நீக்குவோம்" என்று கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினால், தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அறுபத்தொன்றாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். அரசு ஊழியர்களுக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் உட்பட, இந்த இரண்டு வழிகளும், மேலே சொன்ன வேலைவாய்ப்புச் சட்டப் பிரிவுகளும் பொருந்தாது. அவர்கள் தங்கள் துறையின் உளவியல் ஆலோசனை அதிகாரியையும் சங்கத்தையும் அணுக வேண்டும்.

பதற்றம் முற்றி உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555, தாலியான் காசே உதவி எண் 15999. பினாங்கு பிஃப்ரண்டர்ஸ் இருக்கிறது, 1985 முதல் ஜார்ஜ்டவுனில் இயங்கும் பெண்கள் மாற்றத்திற்கான மையத்தின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பயம் இல்லாமல் பேசலாம்.

அக்காமார்களின் பிள்ளைகளுக்கும் கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நாலு வரிக் கடிதத்தை மலாயில் எழுதத் தயங்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். எழுதத் தெரிந்த நீங்கள் இன்றிரவு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போங்கள். அம்மா வேலையை விடுவதாகச் சொன்னால், மருத்துவரைப் பார்த்து, கடிதத்துக்குப் பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.