கிணற்று நீரில் நைத்திரேற்று: அறியும் வழி

கமக்காரர்களே! பயிருக்கு மிஞ்சிய யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையூடாகக் கிணற்று நீரிற் சேர்கின்றது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

இதனைக் கிணற்றடியிலேயே அளந்தறிய, ஆராய்ச்சியாளர் மின்வாயின்மேற் செம்பு நனோத்துணிக்கைகளைப் படியவைக்கின்றனர். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு. துணிக்கை சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்புப் பெருகும். செம்பு ஊக்கியாக நின்று, நைத்திரேற்று இலத்திரன்களை ஏற்பதை எளிதாக்கும். நைத்திரேற்றுக் கூடக்கூட மின்னோட்டமும் கூடும்.

கருவி அளக்குமேயன்றி நீக்காது. ஆகவே, கிணற்று நீரைப் பரிசோதிப்பியுங்கள். யூரியாவைப் பயிரின் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக இடுங்கள்.