விலங்கிட்ட கைகளோடு ஒரு திருவருகைக் காலம்



திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டதும் எமது இல்லங்களில் வேலைகள் ஆரம்பமாகிவிடுகின்றன. சுவருக்கு வர்ணம் பூசுகிறோம். பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்குகிறோம். பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம். இவை நல்லவையே. ஆயினும், வீடு ஆயத்தமாகியும் வீட்டிலுள்ளோர் ஆயத்தமாகாத நிலையில் எத்தனை நத்தார்ப் பெருவிழாக்கள் எம்மைக் கடந்து சென்றிருக்கின்றன!

இவ்வேலைகளில் ஒன்றையேனும் செய்ய இயலாதிருந்த ஒருவர் ஆண்டவரின் வருகைக்கு எவ்வாறு ஆயத்தமானார் என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

1907ஆம் ஆண்டு ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் பிறந்தவர் அருட்தந்தை அல்பிரட் டெல்ப். இயேசு சபைத் துறவியான இவர், ஹிட்லரின் ஆட்சிக்குப் பின் நாட்டைக் கிறிஸ்தவ நெறியில் கட்டியெழுப்பும் வழிகளை ஆராய்ந்த ஒரு குழுவில் பங்குகொண்டார். 1944 ஜூலை 28ஆம் நாள், மியூனிக் நகரில் காலைத் திருப்பலி நிறைவேற்றிய பின் கைது செய்யப்பட்டார். ஓகஸ்ட் 15ஆம் நாள் தமது இறுதி வார்த்தைப்பாட்டை அளிக்கக் காத்திருந்த அவருக்குக் கிடைத்தது பெர்லின் நகரின் சிறைக்கூடமும் கைவிலங்குமே.

அங்கே, விலங்கிட்ட கைகளாலேயே அவர் திருவருகைக் காலச் சிந்தனைகளை எழுதினார். அத்தாள்கள் சலவைத் துணிகளோடு இரகசியமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டன. திருவருகைக் காலம் மனிதர் உலுக்கப்படும் காலம் என்பதே அவர் கண்ட உண்மை. நாம் நம்பியிருக்கும் பாதுகாப்புகள் ஆட்டங்காணும்போதுதான், இறைவனின்றி எமக்கு நிறைவில்லை என்பது புலனாகிறது. போரினால் இடம்பெயர்ந்தும், 2004இல் நத்தாருக்கு மறுநாள் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தும் தவித்த எமது மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

டிசெம்பர் 8ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் விழாவன்று, சிறைக்கு வந்த சக துறவி ஒருவரின் முன்னிலையில் அவர் தமது இறுதி வார்த்தைப்பாட்டை அளித்தார். சபையை விட்டு விலகினால் விடுதலை என்ற வாய்ப்பு முன்வைக்கப்பட்டபோது அதனை மறுத்தார். 1945 ஜனவரி 11இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. பெப்ரவரி 2ஆம் நாள், தமது 37ஆம் வயதில் தூக்கிலிடப்பட்டார். நெடுங்காலம் காத்திருந்த சிமியோன் பாலன் இயேசுவைத் தம் கைகளில் ஏந்தியதைத் திருச்சபை நினைவுகூரும் நாள் அதுவே. அவருக்கு ஒரு கல்லறைகூட இல்லை, சாம்பலும் தூவப்பட்டுவிட்டது.

அன்பானவர்களே, அவருடைய கைகளே கட்டுண்டிருந்தன. உள்ளமோ விடுதலையோடு இருந்தது. எமது நிலை என்ன? கைகள் கட்டற்றிருக்கின்றன; உள்ளத்தின் விலங்குகளையோ நாமே பூட்டிவைத்திருக்கிறோம். எல்லை வேலித் தகராறினால் உடன்பிறந்தவரோடு பல ஆண்டுகளாகப் பேசாதிருப்பது ஒரு விலங்கு. பிள்ளைகளின் முகம் பாராமல் எம்மைக் கைத்தொலைபேசியில் மூழ்கடிப்பது ஒரு விலங்கு. வீட்டின் சமாதானத்தைக் குலைக்கும் மதுப்பழக்கமும் ஒரு விலங்கே.

இந்நாட்களில் இவற்றுள் ஒன்றையேனும் கழற்ற முயல்வோம். வேலிக்கு அப்பாலுள்ள சகோதரரை முதலில் நாமே சென்று அழைப்போம். நீண்டகாலம் தவிர்த்து வந்த ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுவோம். எமது புத்தாடைச் செலவின் ஒரு பங்கை இல்லாதோருடன் பகிர்வோம். வேலி கடந்து நீளும் கரங்களே நத்தார் இரவில் பாலன் இயேசுவை ஏந்தத் தகுதியுள்ள கரங்கள்.