உஷார்! பெட்ரோல் எஞ்சின் மாட்டும் முன் ஃபயர்வாலைப் பாருங்கள்

குளோ எஞ்சினில் பறந்த மாடல் விமானத்தைப் பெட்ரோலுக்கு மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். புது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் விமானத்தின் மூக்கைப் பாருங்கள். எஞ்சின் மவுண்ட் உட்கார்ந்திருக்கும் அந்த ஃபயர்வால் பலகை, சின்ன குளோ எஞ்சினுக்காக ஒட்டப்பட்டது. அதில் 30 சி.சி. பெட்ரோல் எஞ்சினை அப்படியே மாட்டி முடுக்கினால், எஞ்சின் ஒரு நாள் பலகையோடு பெயர்ந்து வரும்.

மாற்ற நினைப்பதில் தப்பே இல்லை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த குளோ எரிபொருள் விலை அதிகம். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. பெட்ரோல் என்றால் பங்கில் வாங்கி, டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அளவோடு கலந்தால் போதும். ஆனால் செலவு குறைகிற சந்தோஷத்தில் மூக்கின் பலத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அதிர்வுதான் எமன்

'60 சைஸ்' குளோ எஞ்சின் என்பது ஏறக்குறைய 10 சி.சி. டி.எல்.இ. 30 போன்ற பெட்ரோல் எஞ்சின் 30 சி.சி.யைத் தாண்டும், எஞ்சின் மட்டுமே சுமார் 900 கிராம். மஃப்ளர், 18 அங்குல ப்ரொப்பல்லர், ஸ்பின்னர் எல்லாம் அதற்கு மேல். எடையைக்கூடப் பலகை தாங்கிவிடும், அதிர்வைத் தாங்காது. ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால், நொடிக்கு 125 வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஃபயர்வாலை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் போகும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி, ப்ரொப்பல்லரில் 20 கிராம் துண்டு ஒன்று உடைந்து பறக்கிறது என்று வையுங்கள். 7500 சுற்றில், சமநிலை கெட்ட ப்ரொப்பல்லர் எஞ்சினை ஏறத்தாழ 190 கிலோ பலத்தோடு இழுக்கும். அந்த இழுப்பு ஒரே திசையிலும் நிற்காது, நொடிக்கு 125 முறை சுற்றிச் சுற்றி வரும். வெறும் பசையை நம்பி நிற்கும் பலகை இதை எப்படித் தாங்கும்?

வானத்தில் எஞ்சின் பெயர்ந்தால், மூக்கிலிருந்த ஒரு கிலோவுக்கும் மேலான எடை ஒரே கணத்தில் போய்விடும். ஈர்ப்பு மையம் பின்னால் ஓடிவிடும். அதற்கப்புறம் ஸ்டிக்கை எப்படி அசைத்தாலும் விமானம் கேட்காது. கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. தரையில் பெயர்ந்தால் அதைவிட மோசம். 7500 சுற்றில் அந்த 18 அங்குல ப்ரொப்பல்லரின் நுனி மணிக்கு 640 கி.மீ.க்கு மேல் வேகத்தில் சுழல்கிறது. ஊசியைத் திருகி ட்யூன் செய்கிற உங்கள் கை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எங்கே விட்டுக்கொடுக்கும்?

எல்லோரும் மவுண்டையே பார்க்கிறார்கள். நல்ல அலுமினிய மவுண்ட் அவ்வளவு சுலபத்தில் உடையாது. முதலில் விட்டுப்போவது ஃபயர்வாலும் பக்கப் பலகைகளும் சேருகிற ஒட்டுதான்.

கௌலிங்கைக் கழற்றுங்கள், டேங்கை வெளியே எடுங்கள், உள்ளே டார்ச் அடியுங்கள். ஒரு கையால் விமானத்தின் உடம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எஞ்சினின் முன்தண்டை மேலும் கீழும், இடமும் வலமும் அழுத்துங்கள். ஒட்டில் மயிரிழை அளவு கோடு திறந்து மூடினாலும், 'கிர்க்' என்று சின்னச் சத்தம் வந்தாலும், மூலையில் கவரிங் சுருங்கினாலும் அந்த விமானம் பறக்கவே கூடாது.

மரம் கறுத்து, தொட்டால் பிசுக்கென்று இருந்தால் குளோ எண்ணெய் உள்ளே ஊறிவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்சி பிடிக்காது. மேலுக்கு மேல் பசை ஊற்றி ஏமாறாதீர்கள்! ஊறிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வையுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பலகை: மூன்றே அடுக்குள்ள லைட் பிளை வேண்டாம். நிறைய அடுக்குகள் கொண்ட பிர்ச் பிளைவுட் போடுங்கள். 20, 30 சி.சி.க்கு 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 50 சி.சி. பக்கம் போனால் இரண்டு பலகையை ஒன்றாக ஒட்டுங்கள். பலகை தடித்தால் எஞ்சின் முன்னால் நகரும். சாய்வுக் கோணத்தையும் ஈர்ப்பு மையத்தையும் மறுபடி சரிபாருங்கள்.

ஒட்டு: ஐந்து நிமிட எபாக்சி இந்த வேலைக்கு ஆகாது, மரத்துக்குள் இறங்குவதற்கு முன்பே இறுகிவிடும். மெதுவாக இறுகும் எபாக்சியைப் பூசி, ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். உட்பக்க மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டுங்கள். பக்கப் பலகை வழியாக ஃபயர்வாலின் விளிம்புக்குள் மெல்லிய துளைகள் போட்டு, மூங்கில் குச்சியை எபாக்சியில் தோய்த்து இறக்குங்கள். ஒட்டு விட்டுப்போனாலும் பலகை முன்னால் நழுவாமல் இந்தக் குச்சிகள் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, ஃபயர்வாலிலிருந்து பக்கப் பலகைகள்மேல் சில அங்குலம் படியும்படி ஃபைபர்கிளாஸ் துணியை ரெசினில் ஒட்டிவிடுங்கள்.

போல்ட்: மர ஸ்க்ரூ கூடவே கூடாது. பலகையைத் துளைத்து மறுபக்கம் வரும் 5 மி.மீ. போல்ட், பின்னால் அகலமான வாஷர், நைலான் லாக் நட். உலோகத்துக்குள் திருகும் போல்ட்டாக இருந்தால் த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு. எஞ்சினைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்டாண்டாஃப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எஞ்சின் முன்னால் தள்ளிப்போகப் போக ஃபயர்வால்மேல் விழும் பாரம் ஏறிக்கொண்டே போகும்.

பெட்ரோல்: குளோ எஞ்சினில் இருந்த சிலிகான் டியூபைத் தூக்கிப் போடுங்கள். பெட்ரோல் பட்டால் அது ஊதிப் பிய்ந்துவிடும். டைகான் போன்ற பெட்ரோல் தாங்கும் டியூபும், டேங்க்குக்கு அதற்கேற்ற அடைப்பானும் வாங்குங்கள். ஃபயர்வால் முழுக்க மெல்லிய எபாக்சி பூசினால் கசிவு மரத்துக்குள் இறங்காது.

முதல் ஓட்டத்தில்

வாலை அசையாமல் கட்டுங்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பல்லர் சுழலும் வட்டத்துக்கு நேராகப் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. ட்யூன் செய்வதென்றால் பின்பக்கமிருந்து கை நீட்டுங்கள். இக்னிஷனை ஒரே தட்டில் அணைக்கும் ஸ்விட்ச் இல்லாமல் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். சில நிமிடம் ஓடியதும் அணைத்துவிட்டு, போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். மரம் அமுங்குவதால் அவை தளர்ந்திருக்கும். ஒட்டின்மேல் டார்ச் அடித்து ஒரு முறை பாருங்கள். பறக்கப் போகும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்யுங்கள்.

மைதானத்தில் வேறு யாராவது குளோ மூக்கில் பெட்ரோல் எஞ்சினை மாட்டிக்கொண்டு வந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தடுத்து, ஃபயர்வாலைக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விடாதீர்கள்.