உடலினுள் இயங்கும் ஒரு பொறி

கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களில் நீரிறைக்கும் பொறி நின்றுவிட்டால், உழவர் அதனை எவரிடமும் மறைப்பதில்லை. குழாய் வெடித்ததா, அடைப்பிதழ் ஒட்டிக்கொண்டதா என்று ஆராய்ந்து, திருத்துவோரை அழைத்து வருவார். ஆனால், ஆண்மைக் குறைவுக்காக உடலினுள் பொருத்தப்பட்ட கருவி பழுதுபட்டால், அதனை வைத்தியரிடம் கூறவும் நாணி மறைப்போர் உளர். அம்மௌனம் பழுதினும் பெருந்தீங்கு விளைப்பது. ஆதலின், இதனைச் சற்று வெளிப்படையாகவே பேசுதல் நன்று.

நீரிழிவினாலோ, முன்னிற்கும் சுரப்பியில் செய்த சத்திரசிகிச்சையினாலோ விறைப்புத் தன்மையை இழந்தவர்க்கு, மாத்திரையும் ஊசிமருந்தும் பயன்படாதவிடத்து, ஆண்குறியினுள் செயற்கைக் கருவி பொருத்தப்படுவதுண்டு. இக்கருவி இருவகைப்படும். வளைக்கவும் நிமிர்த்தவும் கூடிய இரு தண்டுகள் ஒரு வகை. மும்பை மருத்துவர் ரூபின் ஷா அமைத்த கருவி இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று, 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிரான்ட்லி ஸ்கொட்டும் அவர்தம் துணைவரும் அறிமுகஞ் செய்த திரவக் கருவியாகும். ஆண்குறியினுள் இரு நீண்ட உருளைகள், விதைப்பையினுள் ஒரு சிறு பம்பி, அடிவயிற்றில் உப்புநீர் நிறைந்த ஒரு பை, இவற்றை இணைக்கும் குழாய்கள் என்பன இதன் உறுப்புகள். பம்பியின் குமிழைப் பன்முறை அழுத்தினால் நீர் உருளைகளை நிரப்பும். விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் நீர் மீண்டும் பையை அடையும்.

தண்டுக் கருவியில் அசையும் உறுப்புகள் குறைவு. ஆகவே பழுதும் குறைவு. திரவக் கருவிகளுள் பெரும்பாலானவை பத்தாண்டுகளுக்கு மேலும் இயங்குவன எனினும், மூவகைப் பழுதுகள் நேரக்கூடும்.

முதலாவது, நீர்க்கசிவு. குமிழ் தட்டையாகி, எத்தனை முறை அழுத்தினும் உருளை நிரம்பாது. கசிந்த உப்புநீரை உடல் தானே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தீங்கில்லை. ஆயினும் கருவியை மாற்ற மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டும். இரண்டாவது, அடைப்பிதழ் ஒட்டிக்கொள்ளுதல். குமிழின் பக்கங்களை உறுதியாக அழுத்தினால் பெரும்பாலும் அது விடுபடும். இதனை வைத்தியர் காட்டியவாறே செய்தல் வேண்டும். மூன்றாவது, கருவி தானாகவே நிரம்புதல். சாரம் உடுத்து நாலுபேர் நடுவே நிற்பவர்க்கு இது பெருஞ் சங்கடம். சத்திரசிகிச்சைக்குப் பின் பையைச் சூழ்ந்து ஒரு நார்த்திசுப் போர்வை வளர்கின்றது. அக்காலத்தில் பை நிறைந்திராவிடின், போர்வை குறுகி அமைந்து, பின்னர் நீரை வெளியே தள்ளும். தொடக்க வாரங்களில் உருளைகளை வெறுமையாக வைத்திருக்குமாறு வைத்தியர் கூறுவது இதன்பொருட்டேயாம்.

மேற்கூறியவற்றுள் எதுவும் உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆனால் காய்ச்சல், சிவத்தல், சீழ், நாளுக்கு நாள் மிகும் வலி, பம்பியின்மேல் தோல் ஒட்டிக்கொள்ளுதல், கருவியின் பகுதி வெளியே தோன்றுதல் ஆகியன கிருமித் தொற்றின் அல்லது தோல் அரிப்பின் குறிகள். இவற்றைக் கண்ட அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நீரிழிவுள்ளோர் ஒருநாளும் தாமதித்தலாகாது.

இன்னுமொரு செய்தி. வேறு நோய்க்காகச் சிறுநீர்க் குழாய் செலுத்த நேரின், முன்னதாக உருளைகளை வெறுமையாக்குதல் வேண்டும். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்வோர் அறியாது அடிவயிற்றுப் பையை ஊறுபடுத்தக்கூடும். ஆகவே கருவியின் பெயரும் வகையும் பொருத்திய நாளும் எழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். வெளிநாட்டில் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பியவர்க்கு அவ்வட்டையே வழிகாட்டி. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலாயினும், அக்கரைப்பற்று வைத்தியசாலையிலாயினும் முதலில் காணும் வைத்தியரிடம் அதனைக் காட்டினால், சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்ப வேண்டியதை அவர் அறிவார்.

கருவி பொருத்தியபின் இயற்கையான விறைப்பு மீள்வது அரிது. எனவே பொருத்துமுன்பே மனைவியோடு கலந்து முடிவுசெய்க. பழுது நேரினும் அவரிடம் மறையாது கூறுக. மனிதன் செய்த பொறி என்றேனும் பழுதுபடும்; அது பொறியின் குறையேயன்றி, அதனைத் தாங்கியவரின் குறையன்று.