பகைவன் அறிந்த இரகசியம்



சித்திரக்கதை இலக்கியமாகுமா என்று கேட்டால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை இல்லையென்றே சொல்லியிருப்பேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் பறித்த ஆங்கிலச் சித்திரக்கதைத் தொகுப்பொன்றுதான் அந்த எண்ணத்தைக் கலைத்தது. மேசை லாச்சிக்குள் போட்டதை இரவில் எடுத்துப் புரட்டினேன். முடிக்காமல் வைக்க இயலவில்லை.

1973இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' சஞ்சிகையின் 121ஆம், 122ஆம் இதழ்கள் அதில் இருந்தன. கதை ஜெரி கொன்வே. சித்திரம் கில் கேன்.

நாயகன் பீற்றர் பார்க்கர், முகமூடி அணிந்தால் ஸ்பைடர்மேன். காதலி குவென் பீற்றரை நேசிக்கிறாள், ஸ்பைடர்மேனையோ வெறுக்கிறாள். தன் தந்தையின் சாவுக்கு அவனே காரணம் என்பது அவள் எண்ணம். உண்மையில் அத்தந்தை, 1970இல் வந்த 90ஆம் இதழில், இடிந்து விழும் கற்களிலிருந்து ஒரு குழந்தையைக் காக்கப்போய் மாண்டவர். முகமூடிக்குள் இருப்பவன் யாரென அறிந்தே, மகளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக் கண்மூடியவர். இதைக் குவெனிடம் சொல்வதானால் முகமூடியைக் கழற்ற வேண்டும். பீற்றர் நாளைக் கடத்துகிறான்.

அந்த இரகசியம் தெரிந்த இன்னொருவன் நோர்மன் ஒஸ்போர்ன். பீற்றரின் நண்பனுடைய தந்தை, 'கிறீன் கொப்ளின்' என்ற வேடம் பூண்டவன். நினைவிழந்திருந்த அவனுக்கு, மகன் போதைப்பொருளால் நோயுற்ற வேளையில் எல்லாம் திரும்பவும் நினைவுக்கு வருகிறது. பழி முழுவதையும் பீற்றர்மீது சுமத்தி, குவெனைக் கடத்திப் பாலத்தின் உச்சிக்குக் கொண்டுபோகிறான். காதலிக்குச் சொல்லாததைப் பகைவன் அறிந்திருந்தான். கதையின் முடிச்சே அதுதான். வசனம் ஜோர்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படமோ புரூக்ளின் பாலம் போலிருக்கிறது. அது வேறு வழக்கு.

அவள் விழுகிறாள். நாயகன் வலையை எறிந்து காலைப் பற்றுகிறான். கழுத்தருகே சின்னஞ்சிறு எழுத்தில் 'ஸ்னாப்' என்றொரு ஒலிக்குறிப்பு. ஆண்டுதோறும் இரட்டைக்கிளவி கற்பிக்கும் எனக்கு, ஒற்றை ஒலி இவ்வளவு சுமக்கும் என்பது புதிது. காப்பாற்றிவிட்ட பெருமிதத்தோடு மேலே இழுக்கிறான், பிணமே வருகிறது. வலையின் திடீர் இழுவையே உயிரைக் குடித்ததென்று 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர் தரப்பு விளக்கியது.

அடுத்த இதழில் கொப்ளின் தன் பறக்கும் ஊர்தி பாய்ந்தே சாகிறான். நாயகனுக்கு ஆறுதலில்லை. இறுதிப் பக்கத்தில் அவனுடைய அறையில் மேரி ஜேன் இருக்கிறாள், எதையும் விளையாட்டாய் எடுக்கும் தோழி. போய்விடு என்று சீறுகிறான். கதவுவரை போகிறாள். தயங்குகிறாள். பின்னர் வெளியேறாமலே கதவைச் சாத்துகிறாள். வசனமே இல்லை.

மறுநாள் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“சேர், கடைசிப் பக்கம் பாத்தீங்களோ?” என்றான் அவன்.